கேட்பவர் நடத்தும் கச்சேரி

தெற்காசியாவில் பிறந்து உலக மேடைகளை எட்டிய இசை வகைகளுள், சிதார் இசைக்கு அடுத்தபடியாக மேற்கத்தியக் கலைஞர்களைப் பெரிதும் ஈர்த்தது கவ்வாலி என்று தயங்காமல் சொல்லலாம். தர்கா முற்றத்தில், இறைநேசர் ஒருவரின் அடக்கத்தலத்தை நோக்கி அமர்ந்து, கைதட்டலோடும் டோலக்கோடும் குழுவாகப் பாடப்படும் இந்தப் பாடல் முறை, பிரிட்டிஷ் இரவு விடுதிகளின் நடன இசையிலும், ஹாலிவுட் படங்களின் பின்னணியிலும், நியூயார்க்கின் சிறு காபிக் கடையொன்றில் கிதாருடன் பாடிய இளைஞரின் குரலிலும், சென்னையின் ஒலிப்பதிவுக் கூடங்களிலும் கடந்த நாற்பது ஆண்டுகளில் தன் தடத்தைப் பதித்திருக்கிறது. ஆனால் இத்தனை பேரும் கவ்வாலியிடமிருந்து எதை எடுத்துக்கொண்டனர், எதை விட்டுவிட்டனர் என்று பார்த்தால், குரலின் வீச்சும் தாளத்தின் வேகமும் எளிதாக ஊர் கடந்துவிட்டன என்பதும், அந்த இசையை உண்மையில் இயக்கிவந்த கேட்பவர் மட்டும் பெரும்பாலும் தர்காவிலேயே தங்கிவிட்டார் என்பதும் புலனாகும்.

சூஃபித்துவம் என்பது இஸ்லாத்துக்குள் தோன்றி வளர்ந்த மெய்ஞ்ஞான நெறி. இறைவனை அச்சத்தால் மட்டுமன்றிக் காதலாலும் அணுகலாம் என்றும், குருவின் வழிகாட்டலில் தன்முனைப்பை அழித்து அவனை நெருங்கலாம் என்றும் அது கற்பித்தது. குருவை ஷெய்கு அல்லது பீர் என்றும், குருவழிப் பரம்பரையைத் தரீக்கா என்றும் அழைப்பது வழக்கம். இப்பரம்பரைகளுள் சில இசையை ஐயத்தோடு பார்த்தன. சில தம் வழிபாட்டை இறைநாமத்தை ஓதும் திக்ரோடு நிறுத்திக்கொண்டன. அஜ்மீரில் அடங்கியுள்ள க்வாஜா முயீனுத்தீன் சிஷ்தி (மறைவு 1236) இந்தியாவில் வேரூன்றச் செய்த சிஷ்தி பரம்பரையோ, பாடலைக் கேட்பதையே ஓர் ஆன்மிகப் பயிற்சியாக ஏற்றுக்கொண்டது. 'சமா', அதாவது செவிமடுத்தல், என்பது இப்பயிற்சியின் பெயர். இன்று கவ்வாலி எனப்படுவது இந்தச் சமாவுக்காகப் பாடப்படும் பாடல்.

இசை மார்க்கத்துக்கு உகந்ததா என்ற வழக்கு சமாவோடு கூடவே பிறந்தது. 1111-இல் மறைந்த பேரறிஞர் இமாம் கஸ்ஸாலி, தம் 'இஹ்யா உலூமித்தீன்' நூலில் இதற்கெனத் தனிப் பகுதியே ஒதுக்கி, இசை உள்ளத்தில் இல்லாத எதையும் கொண்டுவந்து சேர்ப்பதில்லை, அங்கே ஏற்கெனவே இருப்பதைத்தான் கிளறிவிடுகிறது என்று வாதிட்டார். இக்கருத்தின்படி ஒரே பாடல் ஒருவரை இறைவன்பாலும் மற்றொருவரைச் சிற்றின்பத்தின்பாலும் இட்டுச்செல்லக்கூடும். ஆகவே பாடலின் தகுதியைத் தீர்மானிப்பது பாடகர் அல்லர், கேட்பவர்தாம். டெல்லியில் வாழ்ந்த நிஜாமுத்தீன் அவுலியா (1238–1325) சமாவுக்காகச் சுல்தான் கியாசுத்தீன் துக்ளக்கின் அவையில் மார்க்க அறிஞர்கள் முன்னிலையில் விளக்கமளிக்க வேண்டியிருந்தது. அவர் வகுத்ததாக மரபு கூறும் நிபந்தனைகள் கடுமையானவை: பாடுபவர் வயது வந்த ஆணாக இருக்க வேண்டும், பாடப்படுவதில் ஆபாசம் கூடாது, கேட்பவர் இறை நினைவோடு இருக்க வேண்டும், இசைக்கருவிகள் அவையில் இடம்பெறக் கூடாது. கடைசி நிபந்தனையைச் சிஷ்தி தர்காக்களே வெகுகாலத்துக்கு முன் கைவிட்டுவிட்டன என்பதையும், ஐரோப்பாவிலிருந்து வந்து சேர்ந்த ஹார்மோனியம் இன்று கவ்வாலியின் அடையாளமாகவே ஆகிவிட்டதையும், நவீனக் கலைஞர்கள் மரபைக் கெடுத்தனர் என்று குறைசொல்லப் புறப்படுவோர் சற்றே நினைவில் கொள்வது நல்லது.

கவ்வாலியின் தந்தையாகப் போற்றப்படுபவர் நிஜாமுத்தீனின் அன்புச் சீடரும், டெல்லி சுல்தான்கள் பலரின் அவைக் கவிஞருமான அமீர் குஸ்ரோ (1253–1325). பாரசீக மொழியில் பெருங்கவிஞராகவும் அன்றைய டெல்லி வட்டாரப் பேச்சுமொழியில் பாடல் கட்டியவராகவும் அறியப்படும் அவர்மீது, சிதாரைக் கண்டுபிடித்தவர், தபேலாவை உருவாக்கியவர் என்ற புகழ்களையும் மக்கள் ஏற்றிவைத்தனர். இவற்றுக்கு அவர் காலத்துச் சான்று எதுவும் இல்லை. ஆயினும் அவர் பெயரால் வழங்கும் பாடல்கள் இன்றளவும் சிஷ்தி தர்காக்களின் நாள்வழிபாட்டில் முதலிடம் வகிக்கின்றன. அவர் பயிற்றுவித்த சிறுவர்களின் வழிவந்தவர்கள் எனத் தம்மைக் கூறிக்கொள்ளும் 'கவ்வால் பச்சே' குடும்பங்கள் டெல்லியிலும் கராச்சியிலும் இன்றும் பாடிவருகின்றன. குருவுக்குப் பின் ஆறு மாதமே வாழ்ந்த குஸ்ரோ, அவர் காலடியில் என்று சொல்லத்தக்க தொலைவில், அதே தர்கா வளாகத்தில் அடங்கியிருக்கிறார்.

அந்த வளாகத்தில் வியாழன்தோறும் மாலைத் தொழுகைக்குப் பின் நடைபெறும் பாடல் அவையைக் கவனித்தால் கவ்வாலியின் உள்ளமைப்பு விளங்கும். பாடகர்கள் கூட்டத்தை நோக்கி அல்லாமல் அடக்கத்தலத்தை நோக்கி அமர்கின்றனர். பாட்டின் முதல் கேட்பவர் உள்ளே துயில்பவர் என்பதே இதற்குக் காரணம். அவருக்கும் பாடகர்களுக்கும் இடையே உள்ள இடைவெளியில் யாரும் உட்கார்வதில்லை, மக்கள் இருபுறமும் நெருக்கியடித்து அமர்கின்றனர். முதற்பாடகர் ஒருவர், அவருக்குத் துணையாக மற்றொரு வலுத்த குரல், ஹார்மோனியம் ஒன்றோ இரண்டோ, டோலக் அல்லது தபேலா, பின்வரிசையில் கைதட்டிப் பின்பாட்டுப் பாடும் நாலைந்து பேர் என்பது குழுவின் பொதுவான அமைப்பு. தாளமின்றி விருத்தம் போல ஒன்றிரண்டு அடிகளை இழுத்துப் பாடித் தொடங்கி, இறைவனைப் புகழும் 'ஹம்து', நபிகள் நாயகத்தைப் புகழும் 'நஅத்', இறைநேசர்களைப் புகழும் 'மன்கபத்' என்ற வரிசையில் பாடல் நகர்கிறது. அதன் பிறகுதான் காதல் மொழியில் அமைந்த கஜல்களும், பஞ்சாபி, சிந்தி மொழிகளின் 'காஃபி' எனப்படும் ஞானப்பாடல்களும் வரும்.

அடக்கத்தலத்தை நோக்கி அமர்ந்திருந்தாலும், பாடகரின் கண் எப்போதும் அவையின்மீதே இருக்கிறது. ஓர் அடியைக் கேட்டு முதியவர் ஒருவர் தலையை அசைத்தால், பாடகர் அடுத்த அடிக்குப் போகாமல் அதையே மீண்டும் பாடுகிறார். முதியவரின் கண்கள் கலங்கினால், அடியின் எந்தச் சொல் அவரைத் தொட்டது என்று ஊகித்து, அச்சொல்லை மட்டும் பிரித்தெடுத்து, பின்பாட்டுக்காரர்களின் வாயிலும் அதையே வைத்துத் திரும்பத் திரும்ப முழங்கச் செய்கிறார். இதற்குத் 'தக்ரார்' என்று பெயர். இதே வேளையில் வேறொரு கவிஞரின், சில நேரம் வேறொரு மொழியின், பொருத்தமான அடியொன்றை நினைவிலிருந்து எடுத்து இடையில் முடிச்சிட்டு, மீண்டும் பழைய அடிக்கே திரும்புவதும் உண்டு. 'கிரஹ்' எனப்படும் இந்த முடிச்சுக்கு உடனடி நினைவாற்றலும் அவையறிவும் வேண்டும். கர்நாடக இசையின் நிரவலில் ஓர் அடி பல விதமாக விரிக்கப்படுவதை அறிந்த தமிழ்க் காதுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. ஆனால் நிரவலில் எந்த அடியை எடுப்பது, எப்போது முடிப்பது என்பது பாடகரின் கற்பனையைப் பொறுத்தது, கவ்வாலியிலோ அது கேட்பவரின் நிலையைப் பொறுத்தது. கேட்பவர் தன்னை மறந்து 'ஹால்' எனும் பரவச நிலைக்குச் சென்று எழுந்து நின்றுவிட்டால், அவர் அமைதியடைந்து அமரும்வரை அந்த அடியை மாற்றக் கூடாது என்பது எழுதாத சட்டம். முயீனுத்தீனின் சீடரான குத்புத்தீன் பக்தியார் காக்கி, 1235-இல் ஒரு பாரசீகக் கவிதையின் அடியைக் கேட்டுப் பரவசமுற்று, அது மீண்டும் மீண்டும் பாடப்பட நாட்கணக்கில் அந்நிலையிலேயே இருந்து உயிர்நீத்தார் என்ற மரபுவழிச் செய்தியைக் கவ்வால்கள் இன்றும் அச்சமும் பெருமையும் கலந்து கூறுவர்.

காணிக்கை செலுத்துவதிலும் இதே ஒழுங்கைக் காணலாம். முறையான அவையில் மனம் நெகிழ்ந்தவர் பணத்தை நேராகப் பாடகரிடம் வீசுவதில்லை. அவையின் தலைவராக அமர்ந்திருக்கும் ஷெய்கிடம் பணிவோடு நீட்ட, அவர் வழியாக அது பாடகர்முன் போய்ச் சேர்கிறது. எந்த அடிக்குக் காணிக்கை விழுந்தது என்பது பாடகருக்கு அடுத்த கட்டத்தைக் காட்டும் குறிப்பாகவும் அமைகிறது. இந்தப் பரிமாற்றத்தை ஆண்டுக்கணக்கில் கவனித்து, பாடகரின் ஒவ்வொரு முடிவும் கேட்பவரின் எந்த அசைவுக்குப் பதிலாக எழுகிறது என்று நுணுக்கமாகப் பதிவுசெய்த இசையியலாளர் ரெகுலா குரேஷி 1986-இல் வெளியிட்ட நூல், இத்துறையில் இன்றும் முதன்மையான ஆய்வாகக் கருதப்படுகிறது.

இத்தகைய இசையை ஒரு தட்டுக்குள் அடைப்பது எளிதன்று. பழைய கிராமபோன் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். ஓர் அடியைப் பத்து நிமிடம் சுற்றிவரும் கலைக்கு அது போதவே போதாது. இருபது நிமிடத்துக்கு மேல் ஒரே பக்கத்தில் ஓடும் நீளத்தட்டுகளும், பின்னர் கேசட்டும் வந்த பிறகுதான் கவ்வாலிக்குப் பதிவுலகில் மூச்சுவிட இடம் கிடைத்தது. குலாம் ஃபரீத் சாப்ரியும் மக்பூல் அகமது சாப்ரியுமாகிய சாப்ரி சகோதரர்கள் 1975-இல் நியூயார்க்கின் கார்னகி அரங்கில் பாடினர். அங்கே அமர்ந்திருந்தவர்களில் பலருக்கு ஒரு சொல்லும் புரிந்திருக்காது. எந்த அடியில் நிற்பது என்று சொல்லித்தர அவையில் ஆள் இல்லாத நிலையில் பாடகர் என்ன செய்வார் என்ற கேள்வி அன்றே எழுந்தது. அதற்கு முழுமையான விடையைக் கண்டவர் நுஸ்ரத் ஃபதே அலி கான்.

ஜலந்தரிலிருந்து பிரிவினையின்போது இடம்பெயர்ந்த கவ்வால் குடும்பத்தில், பாகிஸ்தானின் லயால்பூரில் (இன்றைய ஃபைசலாபாத்) 1948-இல் பிறந்த நுஸ்ரத்தை மருத்துவராக்கவே தந்தை ஃபதே அலி கான் விரும்பினார். 1964-இல் தந்தை மறைந்தபின் நாற்பதாம் நாள் சடங்கில் முதன்முதலாகப் பாடிய நுஸ்ரத், சிற்றப்பா முபாரக் அலி கானின் மறைவையடுத்து 1971-இல் குடும்பக் குழுவின் தலைவரானார். அவர் குடும்பம் துருபத், கயால் ஆகிய செவ்வியல் முறைகளிலும் தேர்ச்சிபெற்றிருந்தது. அந்தப் பயிற்சியைக் கொண்டு, கவ்வாலியின் நடுவே ஸ ரி க ம என்று சுரங்களை மின்னல் வேகத்தில் பொழிவதை நுஸ்ரத் தம் முத்திரையாக்கிக்கொண்டார். மரபாளர்கள் சிலருக்கு இது வித்தைகாட்டலாகத் தோன்றியதில் நியாயம் உண்டு. ஆனால் உருதுவும் பஞ்சாபியும் அறியாத அவையில் சொல் செய்ய வேண்டிய வேலையைச் சுரம் செய்தது என்பதையும் மறுப்பதற்கில்லை. 1985 கோடையில் இங்கிலாந்தின் மெர்சி தீவில், ராக் இசைக்கலைஞர் பீட்டர் கேப்ரியல் தொடங்கிவைத்த வோமாட் விழாவில், இரவில் அவர் பாடியபோது கூடியிருந்தவர்களில் பெரும்பாலோர் கவ்வாலி என்ற பெயரையே கேட்டறியாதவர்கள். அந்த ஓரிரவுதான் மேற்குலகில் கவ்வாலியின் வரலாற்றை இரண்டாகப் பிரித்தது என்றால் மிகையில்லை.

அதன்பின் நிகழ்ந்தவை விரைந்து நிகழ்ந்தன. மார்ட்டின் ஸ்கார்செஸியின் 'தி லாஸ்ட் டெம்ப்டேஷன் ஆஃப் கிரைஸ்ட்' (1988) படத்துக்குக் கேப்ரியல் அமைத்த இசையில், ஏசுவின் பாடுகளுக்குப் பின்னணியாக இந்த முஸ்லிம் பாடகரின் குரல் ஒலித்தது. 1990-இல் வெளிவந்த 'மஸ்த் மஸ்த்' தொகுப்பில் கனடா நாட்டுக் கிதார் கலைஞர் மைக்கேல் புரூக்குடன் நுஸ்ரத் இணைந்தார். அதன் தலைப்புப் பாடலை மாஸிவ் அட்டாக் குழு நடனத் தாளத்தில் மறுவடிவம் செய்ய, சிந்து நாட்டுச் செஹ்வான் தலத்தில் அடங்கிய இறைநேசர் லால் ஷாபாஸ் கலந்தரின் புகழ் பிரிட்டிஷ் இரவு விடுதிகளில் அதிர்ந்தது. 1995-இல் 'டெட் மேன் வாக்கிங்' படத்துக்காகப் பேர்ல் ஜாம் குழுவின் எடி வெடருடன் பாடினார்.

'மஸ்த் மஸ்த்' உருவான விதம் இங்கே சற்று நின்று பார்க்கத்தக்கது. நுஸ்ரத் பாடிய நீண்ட பகுதிகளைப் புரூக் ஒலிநாடாவில் வெட்டியும் ஒட்டியும் நான்கைந்து நிமிடப் பாடல்களாக அமைத்தார். தொகுப்பின் பெரும்பகுதியில் பாடல் வரிகளே இல்லை, செவ்வியல் குரற்பயிற்சியின் சுரங்களும் ஆலாபனையும்தான் உள்ளன. வரிகள் இருந்த இடங்களில் சிக்கல் எழுந்தது. மொழி அறியாமல் செய்த வெட்டுகளில் சில, ஒரு சொற்றொடரை நடுவில் துண்டித்துப் பொருளற்றதாக்கிவிட்டன. நுஸ்ரத் அவற்றை ஏற்க மறுத்ததால் மீண்டும் சரிசெய்ய வேண்டியிருந்தது என்று புரூக் பின்னர் பதிவுசெய்திருக்கிறார். தர்காவில் ஓர் அடி எங்கே முறியலாம், எங்கே முறியக் கூடாது என்பதைக் கேட்பவரின் நெஞ்சம் தீர்மானித்தது. ஒலிப்பதிவுக் கூடத்தில் அது கத்தரியின் கைக்குப் போயிற்று. நுஸ்ரத் அந்தக் கத்தரியை மறுக்கவுமில்லை, அதற்கு முழுதாகப் பணியவுமில்லை என்பதே அவருடைய பெருமை.

அவருடைய தாக்கத்தை ஆழமாக ஏற்றவர்களுள் அமெரிக்கப் பாடகர் ஜெஃப் பக்லி தனித்துக் குறிப்பிடத்தக்கவர். நுஸ்ரத்தைத் தம்முடைய எல்விஸ் என்றே அழைத்த அவர், நியூயார்க்கின் ஷின்-ஏ என்ற காபிக் கடையில் தனியே கிதாரை மீட்டிப் பாடிய நாட்களில், காதால் கேட்டே மனனம் செய்த உருது கவ்வாலியொன்றை, கூட்டத்திலிருந்து எழுந்த சிரிப்பையும் மீறிப் பாடியது ஒலிப்பதிவாக உள்ளது. மொழித் தெளிவு குறைவுதான். ஆனால் ஓர் அடியிலேயே நின்று, அதைச் சுற்றிச் சுற்றி மேலேறி, கேட்பவர் கேலியிலிருந்து கவனத்துக்கு மாறும்வரை விடாமல் பாடும் பொறுமையை அவர் பிடித்துக்கொண்டிருக்கிறார்; கவ்வாலியின் ஒலியைக் கடன் வாங்கியவர்கள் பலர், அதன் பொறுமையைக் கடன் வாங்கியவர் அவர். பக்லி 1997 மே மாதம் ஆற்றில் மூழ்கி 30 வயதில் இறந்தார். அதே ஆண்டு ஆகஸ்ட் 16 அன்று லண்டன் மருத்துவமனையொன்றில் நுஸ்ரத் 48 வயதில் மறைந்தார்.

இந்தித் திரையுலகின் கதை வேறு. 1945-இன் 'ஜீனத்', 1960-இன் 'பர்சாத் கி ராத்', 'முகலே ஆஸம்' முதலிய படங்களில் கவ்வாலி, பெண்கள் பாடும் பாடலாகவும், இரு அணிகளாகப் பிரிந்து மோதிக்கொள்ளும் போட்டிப் பாடலாகவும் உருமாறியிருந்தது. அதில் ஆன்மிகம் குறைவு, கவிச்சுவை மிகுதி, அந்த அளவில் அது நேர்மையான மாற்றமே. 1990-களில் நுஸ்ரத்தின் புகழ் பரவியபின் நிகழ்ந்ததை அப்படிச் சொல்ல முடியாது. அவருடைய மெட்டுகள் அனுமதியின்றியே எடுத்தாளப்பட்டன. லால் ஷாபாஸ் கலந்தரைப் பாடும் அவருடைய பாடல், 1994-இல் வந்த 'மோரா' படத்தில் கதாநாயகியின் உடலழகை வியக்கும் ஆட்டப்பாடலாயிற்று. மெட்டு திருடப்பட்டது என்பதைவிட, மெட்டு யாரை நோக்கிப் பாடப்பட்டதோ அவரே அதிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டார் என்பதுதான் பெரிய இழப்பு.

இந்தப் பின்னணியில்தான் ஏ. ஆர். ரகுமானின் பணியை மதிப்பிட வேண்டும். இளமையில் தந்தையை இழந்தபின், சூஃபி குரு கரீமுல்லா ஷா காதிரியின் வழிகாட்டலில் குடும்பத்தோடு இஸ்லாத்தைத் தழுவிய ரகுமானுக்குச் சூஃபி இசை வெளியிலிருந்து வாங்கிய சரக்கன்று. நாகூர், கடப்பை தர்காக்களோடு அவருக்குள்ள பற்று ஊரறிந்தது. 1997-இன் 'வந்தே மாதரம்' தொகுப்பில் நுஸ்ரத்தோடு சேர்ந்து பாடினார். அத்தொகுப்பு வெளிவந்த அதே மாதத்தில்தான் நுஸ்ரத் மறைந்தார். அடுத்த ஆண்டு வந்த 'தில் சே' படத்தின் ரயில் பாடல் (தமிழில் 'உயிரே' படத்திலும் ஒலித்தது) 18-ஆம் நூற்றாண்டுப் பஞ்சாபி ஞானி புல்லே ஷாவின் பாடலொன்றிலிருந்து கிளைத்தது. 'ஜோதா அக்பர்' (2008) படத்தில் அஜ்மீர் க்வாஜாவைப் போற்றும் பாடலையும், 'ராக்ஸ்டார்' (2011) படத்தில் நிஜாமுத்தீன் தர்காவிலேயே படமாக்கப்பட்ட 'குன் ஃபாயகூன்' பாடலைப் பிறரோடு சேர்ந்தும் அவரே பாடியிருக்கிறார். இவ்விரு பாடல்களில் அவர் குரல் எங்கும் முழங்குவதில்லை என்பது கவனிக்கத்தக்கது. நுஸ்ரத்தைப் பின்பற்றியவர்கள் அநேகமாக எல்லோரும் அவருடைய உச்சத் தொனியைப் பின்பற்றித் தொண்டையைக் கிழித்துக்கொண்டிருந்த காலத்தில், ரகுமான் முற்றத்தில் தூணோரம் அமர்ந்து முணுமுணுப்பவரின் குரலைத் தேர்ந்தெடுத்தார். கவ்வாலியைப் பாடுபவரின் பக்கமிருந்து அல்லாமல் கேட்பவரின் பக்கமிருந்து இசையமைத்தார். 'குன் ஃபாயகூன்' ஏறத்தாழ எட்டு நிமிடம் ஓடுகிறது. திரைப்பாடலுக்கு அது நீளம், கவ்வாலிக்குத் தொடக்கம். ஆயினும் அதன் பின்பாட்டு எழும்பும் விதத்தில் தர்கா அவையின் படிப்படியான ஏற்றம் சுருங்கிய அளவில் இருக்கவே செய்கிறது.

பாகிஸ்தானில் 'ஜுனூன்' குழு கிதாரையும் டோலக்கையும் இணைத்துச் சூஃபி ராக் என்ற பெயரில் 1990-களில் இளைஞரைக் கவர்ந்தது. 2008-இல் தொடங்கிய 'கோக் ஸ்டுடியோ' நிகழ்ச்சி தர்கா பாடகர்களையும் பாப் பாடகர்களையும் ஒரே கூடத்தில் உட்காரவைத்தது. சாப்ரி சகோதரர்களின் புகழ்பெற்ற 'தாஜ்தாரே ஹரம்' கவ்வாலியை 2015-இல் அங்கே ஆதிஃப் அஸ்லம் பாடியதை இணையத்தில் கோடிக்கணக்கானோர் கேட்டனர். இந்த அலையில் கரையாமல் நிற்பவர் சிந்து மாநிலத்து அபீதா பர்வீன். 1954-இல் பிறந்த இவர் ஷா அப்துல் லத்தீஃப், புல்லே ஷா முதலிய ஞானிகளின் காஃபிகளைப் பாடுபவர். நிஜாமுத்தீன் வகுத்த முதல் நிபந்தனையின்படி சமா அவையில் பாட இடமில்லாத ஒரு பெண், இன்று துணைக்கண்டத்தின் சூஃபி இசைக்கு முதற்பெயராக விளங்குகிறார். மேடையில் அவர் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு கண்மூடி நிற்கும்போது, தக்ராரின் பழைய பொருள் பெரிய அரங்குகளிலும் உயிரோடு இருப்பதை உணரலாம்.

இந்த இசைக்குப் பகைவர்களும் உண்டு. குலாம் ஃபரீத் சாப்ரியின் மகனும் புகழ்பெற்ற கவ்வாலுமான அம்ஜத் சாப்ரி 2016 ஜூனில் கராச்சித் தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2017 பிப்ரவரியில் செஹ்வான் தர்காவில் 'தமால்' எனும் மேளத்தோடு கூடிய பரவச ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோது குண்டு வெடித்து 80-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மறுநாளே அங்கே மீண்டும் மணி அடிக்கப்பட்டது, தமாலும் தொடர்ந்தது. துருக்கியில் ஜலாலுத்தீன் ரூமியின் மெவ்லவி பரம்பரைக்கு வந்த ஒடுக்குமுறை அரசு வழியானது. 1925-இல் சூஃபி மடங்கள் அனைத்தும் சட்டத்தால் மூடப்பட்டன, சுழன்றாடும் தர்வேஷ்கள் பின்னர் பண்பாட்டுக் காட்சியாக மட்டுமே மேடையேற முடிந்தது. செனகல் நாட்டுப் பாடகர் யூசு ந்தூர், தம் நாட்டுச் சூஃபி ஞானிகளைப் போற்றி 2004-இல் வெளியிட்ட 'ஈஜிப்ட்' தொகுப்பு வெளிநாட்டில் கிராமி விருது பெற்றது; உள்நாட்டிலோ, பாப் பாடகர் ஞானியரைப் பாடலாமா என்ற எதிர்ப்பைத்தான் முதலில் சந்தித்தது.

தமிழகத்துச் சூஃபி மரபு கவ்வாலியின் வழியில் வந்ததன்று. இங்கே செல்வாக்குப் பெற்றது காதிரி பரம்பரை. பாடல் வடிவங்களும் தமிழின் கண்ணியும் கீர்த்தனையும்தான். தொண்டிக்கு அருகே பிறந்து சென்னை இராயபுரத்தில் வாழ்ந்த குணங்குடி மஸ்தான் சாகிபு (1792–1838) தாயுமானவரின் அடியொற்றிக் கண்ணிகள் பாடினார். தக்கலையில் அடங்கியுள்ள பீர் முகம்மது அப்பாவின் 'ஞானப்புகழ்ச்சி' ஆண்டுதோறும் அங்கே ஓரிரவு முழுவதும் ஓதப்படுகிறது. அதில் கூடியிருப்போரே பாடுவோர், பாடுவோரே கேட்போர். 16-ஆம் நூற்றாண்டு ஞானி ஷாகுல் ஹமீது அடங்கிய நாகூர், நாகூர் இ. எம். ஹனிபாவை (1925–2015) தந்தது. கந்தூரி எனும் தர்கா விழா மேடைகளிலும் அரசியல் மேடைகளிலும் முழங்கிய அந்தக் குரலைத் தமிழ்நாட்டில் கேளாதவர் அரிது. 2004 சுனாமிக்குப் பின், பாதிக்கப்பட்ட கடலோரங்களின் இசையைத் திரட்டிய 'லயா ப்ராஜெக்ட்' ஆவணப்படத்தில் நாகூர் தர்கா பாடகர்கள் இடம்பெற்றனர். தாயிரா எனும் தோல்கருவியைத் தட்டித் தெருவில் பாடிச்சென்ற பக்கீர்களின் மரபுக்குக் கிடைத்த கவனம் இவற்றோடு ஒப்பிட மிகக் குறைவு. வட இந்தியக் கவ்வாலிக்கு உலகம் தந்த இடத்தில் ஒரு பங்கையாவது தமிழ் ஞானப்பாடலுக்குத் தமிழர்கள் தந்திருக்கலாம்.

இன்று 'மவுலா' என்றோ 'அலி' என்றோ ஒரு சொல் வந்துவிட்டால் அந்தத் திரைப்பாடலுக்குச் சூஃபி என்ற முத்திரை குத்தப்படுகிறது. அந்த முத்திரைக்கு மதிப்பில்லை. ஹார்மோனியம் புகுந்ததால் கெடாத கவ்வாலி மின்கிதாராலும் கெட்டுவிடாது. அது கெடுவது, யாருக்காகப் பாடுகிறோம் என்ற கேள்வியே இல்லாமல் பாடும்போதுதான். நுஸ்ரத் 1990-இல் பதிவுசெய்து கிடப்பில் மறைந்திருந்த நான்கு கவ்வாலிகள், 2024-இல் 'செயின் ஆஃப் லைட்' என்ற பெயரில் வெளிவந்தன. 'மஸ்த் மஸ்த்' வெளிவந்த அதே ஆண்டில், மரபுவழிக் கவ்வாலிகளையும் அவர் ஒதுக்கிவைக்கவில்லை என்பதற்கு அத்தொகுப்பு சான்று.

திரைப்பாடல் வழியே கவ்வாலிக்கு வந்த தமிழ் வாசகர் அங்கேயே நின்றுவிடாமல், 1985 வோமாட் மேடையின் பதிவையோ சாப்ரி சகோதரர்களின் நீளத்தட்டுகளையோ இடையில் நிறுத்தாமல் முழுதாக ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். டெல்லிக்குச் செல்ல வாய்ப்புள்ளவர்கள் ஒரு வியாழக்கிழமை மாலையை நிஜாமுத்தீன் தர்காவுக்கென ஒதுக்கலாம். நுழைவுச்சீட்டு கிடையாது, தலையை மறைக்க ஒரு துணி இருந்தால் போதும்.